பாமர் தெரு நிலவறைக் கச்சேரிகள்: கேம்பிரிட்ஜின் கிளப் பாசிம்

மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜ் நகரில், ஹார்வர்ட் சதுக்கத்து ரயில் நிலையத்திலிருந்து மேலே ஏறி வந்து, கூப் புத்தகக் கடையைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனால் பாமர் தெரு என்ற குறுகிய சந்து வரும். அதன் 47ஆம் எண்ணில், தெரு மட்டத்துக்குக் கீழே, நூறு பேருக்குச் சற்றுக் கூடுதலாக அமரக்கூடிய, நாட்டார் இசைக் கச்சேரிகள் நடக்கும் ஓர் அறைதான் கிளப் பாசிம். பாஸ்டன் பகுதிக்குக் குடிவந்த முதல் சில ஆண்டுகளில் இந்தச் சந்து வழியாக எத்தனையோ முறை நடந்திருக்கிறேன்; என் காலடியில் அந்த நேரத்தில் யாரோ பாடிக்கொண்டிருக்கக்கூடும் என்று ஒருமுறைகூட நினைத்ததில்லை. பிறகு ஒரு குளிர்காலத்தில், அலுவலக நண்பர் ஒருவர் தம்மிடம் மிகுந்துபோன நுழைவுச்சீட்டைக் கொடுத்தபோதுதான் முதல்முறையாக அந்தப் படிகளில் இறங்கினேன். அதன் பின்னர் பதினைந்து முறைக்குக் குறையாமல் போய் வந்திருக்கிறேன் என்பதால், இந்த இடத்தைப் பற்றி எழுதுவதற்கு ஓரளவு தகுதி இருப்பதாக எண்ணுகிறேன்.

‘பாசிம்’ என்பது இலத்தீன் சொல். ஆய்வு நூல்களின் அடிக்குறிப்புகளில், ஒரு செய்தி குறிப்பிட்ட ஒரு பக்கத்தில் இல்லாமல் நூல் முழுவதும் ஆங்காங்கே வருகிறது என்பதைச் சுட்ட அதை இடுவார்கள். பேராசிரியர்கள் நடமாடும் தெருவில் இப்படியொரு பெயர்ப்பலகை இருப்பதில் வியப்பில்லை. ஆனால் அந்தப் பெயர் முதலில் இசை மன்றத்துக்கு வைக்கப்பட்டதல்ல, வாழ்த்து அட்டைகளும் பரிசுப் பொருள்களும் விற்ற ஒரு கடைக்கு வைக்கப்பட்டது என்பதுதான் சுவையான செய்தி.

கதை அதற்கும் பத்தாண்டுகள் முன்பு, வேறொரு தெருவில் தொடங்குகிறது. 1958 ஜனவரியில், மவுண்ட் ஆபர்ன் தெருவின் 47ஆம் எண்ணில், கல்லூரிப் படிப்பை முடித்திருந்த இரண்டு இளம்பெண்கள் ‘கிளப் 47’ என்ற காப்பிக்கடையைத் திறந்தார்கள். தொடக்கத்தில் அங்கே வாசிக்கப்பட்டது ஜாஸ். அந்த ஆண்டுதான் ஆல்பர்ட் பயஸ் என்ற இயற்பியலாளர் எம்.ஐ.டி.யில் பணியேற்றுக் குடும்பத்துடன் பாஸ்டன் பகுதிக்கு வந்தார். அவருடைய பதின்வயது மகள் ஜோன் பயஸ் தன் முதல் கச்சேரியை அந்தக் கடையில் பாடினார். கேட்க வந்தவர்கள் மொத்தம் எட்டுப் பேர், அதிலும் பெற்றோர், தங்கை, நண்பர்கள் ஆகியோரே பெரும்பகுதி. அவருக்குக் கிடைத்த சன்மானம் 10 டாலர். இருந்தும் கடைக்காரர்கள் அவரை மறுபடி அழைத்து, வாரம் இரண்டு நாள், இரவுக்கு 25 டாலர் என்று பேசி முடித்தார்கள். அடுத்த ஆண்டே நியூபோர்ட் நாட்டார் இசை விழாவில் பாடி அவர் நாடறிந்தவரானார் என்பது எல்லாருக்கும் தெரிந்தது. எனக்கோ அந்த எட்டுப் பேர்தான் முக்கியம். எட்டுப் பேர் வந்த கச்சேரிக்குப் பிறகும் அதே பாடகரைத் திரும்ப அழைக்கும் துணிவு ஒரு கடைக்கு இருந்தது. இன்றைய கிளப் பாசிமிலும் அந்தக் குணத்தின் ஒரு பங்கு மிஞ்சியிருக்கிறது என்பதுதான் நான் சொல்ல வந்த செய்தி.

1963இல் கிளப் 47 பாமர் தெருவுக்கு இடம் மாறியது. தெரு மாறியும் எண் மட்டும் 47ஆகவே இருந்தது. மிசிசிப்பி ஜான் ஹர்ட், மட்டி வாட்டர்ஸ் போன்ற ப்ளூஸ் மேதைகளும் டாம் ரஷ் போன்ற உள்ளூர் இளைஞர்களும் இந்தக் கடையில் பாடியிருக்கிறார்கள். 1968இல் கடை மூடப்பட்டது. அதே இடத்தில் பாசிம் என்ற பரிசுக்கடை வந்தது. 1969இல் அதை ஏற்றுக்கொண்ட பாப் டான்லின், ரே ஆன் டான்லின் தம்பதியர் சில ஆண்டுகளுக்குள் கச்சேரிகளையும் திரும்பக் கொண்டுவந்து, 1990களின் நடுப்பகுதி வரை நடத்தினார்கள். அவர்கள் ஓய்வுபெற்ற பின் அது இலாப நோக்கற்ற அமைப்பாக மாறி, இன்றுவரை அப்படியே இயங்கிவருகிறது. பழைய கிளப் 47இல் பணிபுரிந்த பெட்சி சிகின்ஸ், பல பத்தாண்டுகள் கழித்துத் திரும்பிவந்து இதன் இயக்குநராகச் சில காலம் பொறுப்பேற்றிருந்தார்.

இத்தகைய வரலாறுள்ள இடங்களுக்கு ஓர் ஆபத்து உண்டு. சுவரெல்லாம் பழைய புகைப்படங்களை மாட்டி, பழைய பெயர்களை ஓதிக்கொண்டே காலம் தள்ளிவிடலாம். கிளப் பாசிம் அவ்வாறு செய்வதில்லை. நான் சென்ற இரவுகளில் பெரும்பாலானவற்றில் மேடையில் இருந்தவர்கள் முப்பது வயதைத் தாண்டாதவர்கள். பாஸ்டனில் உள்ள பெர்க்லி இசைக் கல்லூரியில் ‘ரூட்ஸ்’ எனப்படும் அமெரிக்க மரபு இசைக்கென்றே தனிப் பயிற்சித் திட்டம் இருப்பதால், நூறு ஆண்டு பழைய ஃபிடில் மெட்டுகளை நுட்பமாக வாசிக்கும் இருபது வயதுக்காரர்களுக்கு இந்த நகரத்தில் பஞ்சமே இல்லை. அவர்களில் பலருக்கு முதலில் அகப்படும் மேடைகளில் இதுவும் ஒன்று.

‘நாட்டார் இசை’ என்று சொன்னவுடன் தமிழ் வாசகர் மனத்தில் எழும் காட்சி வேறு. பறையும் நாகசுரமும் கொம்பும் திறந்த வெளியில், கோயில் திடலில், ஊர் எல்லை வரை கேட்பதற்கென்று உருவானவை. வில்லுப்பாட்டுக்கும் தெருக்கூத்துக்கும் இரவும் திடலும் கூட்டமும் வேண்டும். இந்த நிலவறையில் நடப்பது அதற்கு நேர்மாறான அளவில் அமைந்த இசை. அப்பலாச்சிய மலை வீடுகளின் முன்திண்ணையிலும் சமையலறையிலும் நாலு பேருக்கு வாசிக்கப்பட்டவை, கப்பல் தளத்திலும் பருத்திக் காட்டிலும் பிறந்தவை, இவற்றோடு நேற்று எழுதி இன்று பாடப்படுபவை என எல்லாவற்றையும் ‘ஃபோக்’ என்ற ஒரே குடையின்கீழ் கொண்டுவந்துவிடுகிறார்கள். கறாரான இலக்கணம் தேடுபவர்களுக்கு இது உவப்பாக இராது. அக்கூஸ்டிக் கிட்டாரைக் கையில் வைத்துக்கொண்டு சொந்தத் துயரத்தைப் பாடும் எல்லாரும் நாட்டார் கலைஞர்களா என்ற கேள்வி எனக்கும் உண்டு. சில இரவுகளில், ஒரே வேகத்தில் ஒரே சாயலில் ஆறாவது பாடல் தொடங்கும்போது அந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. ஆகவே முதல்முறை போகிறவர்கள் தனிப் பாடலாசிரியரின் இரவைவிட, ஃபிடிலோ பாஞ்சோவோ மாண்டலினோ இடம்பெறும் இரவைத் தேர்ந்தெடுப்பது நல்லது என்பது என் பரிந்துரை.

அந்த வாத்தியங்களை இவ்வளவு அருகில் கேட்பதே நம் காதுக்கு ஒரு பாடம். பாஞ்சோ ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வாத்திய மரபில் பிறந்தது. அதன் ஐந்தாவது தந்தி மற்றவற்றைவிடக் குட்டையானது. பழைய முறையில் வாசிப்பவர்கள் நகத்தின் பின்பக்கத்தால் தந்தியைக் கீழ்நோக்கி அடித்து, கட்டைவிரலால் அந்தக் குட்டைத் தந்தியை இடையிடையே மீட்டிக்கொண்டே இருப்பார்கள். தம்புராவைப் போல அதுவும் ஒரே சுருதியை விடாமல் பிடித்திருக்கிறது. ஆனால் தம்புரா பின்னணியில் விரிகிறது, இது தாளத்துக்குள் குதிக்கிறது. மாண்டலின் என்றால் நமக்கு உ. ஸ்ரீநிவாஸ் கையிலிருந்த, ஐந்து தனித் தந்திகள் கொண்ட மின்வாத்தியம் நினைவுக்கு வரும். இங்கே வாசிக்கப்படுவதில் எட்டுத் தந்திகள் இரண்டிரண்டாகச் சேர்ந்து நான்கு இணைகளாக இருக்கும். நீண்ட கமகத்துக்கு அதில் இடமில்லை. அதற்குப் பதிலாக ஒவ்வோர் அடியின் பின்பாதியிலும் தந்திகளை வெட்டினாற்போல் அடித்து நிறுத்தும்போது, மத்தளம் இல்லாத குறையை அந்த ஓசையே தீர்த்துவிடுகிறது.

தாளத்தைப் பற்றிச் சொல்லும்போது என் தாயாரைக் குறிப்பிட வேண்டும். ஆறு மாதத் தங்கலுக்கு வந்திருந்த அவரை ஒருநாள் இங்கே அழைத்துச் சென்றேன். அன்று வாசித்தவர்கள் கனடாவின் கியூபெக் மாநிலத்துப் பிரெஞ்சு மரபைச் சேர்ந்த ஃபிடில் இசைக்காரர்கள். மார்கழி தவறாமல் கச்சேரி கேட்டுப் பழகிய அம்மா, முதல் பத்து நிமிடம் தொடையில் தாளம் போட்டுப் பார்த்துவிட்டு, “பக்கவாத்தியக்காரன் வரலையாப்பா?” என்று காதோடு கேட்டார். சற்று நேரத்தில் அவரே கண்டுபிடித்துவிட்டார்: “அடேயப்பா, உக்காந்த எடத்துலயே ரெண்டு காலாலயும் மிருதங்கம் வாசிக்கிறான் பாரு.” அந்த மரபில் அமர்ந்தபடியே இரு பாதங்களாலும் தரையைத் தட்டித் தாளம் எழுப்புவது ஃபிடில்காரரின் கலையில் ஒரு பகுதி. பெரிய அரங்கின் முப்பதாவது வரிசையில் இருந்திருந்தால் அது ஒலிபெருக்கி வழியே வரும் ஓசையாக மட்டும் இருந்திருக்கும். இங்கே மேடைப் பலகையின் அதிர்வு எங்கள் மேசைக் கால் வரை வந்தது.

இந்த இடம் பணம் வாங்கிக்கொண்டு தருவது உண்மையில் இந்த அண்மையைத்தான். ஒலிபெருக்கி இருக்கிறது என்றாலும் அது ஓசையைப் பெரிதாக்குவதற்கு அல்ல, கடைசி மேசைக்கும் சமமாகக் கொண்டுசேர்ப்பதற்கே பயன்படுகிறது. பாடகர் மூச்சு வாங்குவதும், கிட்டார் தந்தியில் விரல் வழுக்கும் கீச்சொலியும், வில் தந்தியை விட்டு எழுந்த பின் ஒரு கணம் நிற்கும் வெறுமையும் கேட்கின்றன. அதற்கு இணையாக, அவையோரின் ஓசையும் பாடகருக்குக் கேட்கும். ஆகவே பாடல் நடக்கும்போது யாரும் பேசுவதில்லை. மதுவும் உணவும் பரிமாறப்படும் இடத்தில் இந்த அமைதி எளிதில் வராது. பாஸ்டனில் உள்ள வேறொரு மதுக்கூடத்தில், அருமையான ஐரிஷ் குழலிசையை, பக்கத்து மேசையில் நடந்த வீட்டுக்கடன் விவாதத்தோடு சேர்த்து இரண்டு மணி நேரம் கேட்க நேர்ந்த எனக்கு இதன் அருமை தெரியும். தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் காப்பி குடிக்க எழுந்துபோகும் நம் வழக்கத்தை இங்கே காட்டினால் அறை முழுவதும் திரும்பிப் பார்க்கும்.

பாடலுக்குப் பாடல் இடையே வேறொன்று நடக்கிறது. இந்த இசையில் ஒவ்வொரு பாடலுக்கும் தந்திகளின் சுருதியை மாற்றிக் கட்டுவது வழக்கம். அந்த ஓரிரு நிமிடங்களில் கலைஞர் பேசியாக வேண்டும்; பேச்சும் நிகழ்ச்சியின் அங்கமே. பாடலை யாரிடம் கற்றேன், எந்த ஊரில் இது வேறு மாதிரி பாடப்படுகிறது, கதையில் கொலைசெய்தவன் சில பாடபேதங்களில் எப்படித் தப்பிவிடுகிறான் என்றெல்லாம் சொல்வார்கள். ஒருமுறை ஒரு பாடகி ‘இது சைல்ட் எண் இன்னது’ என்று சொன்னபோது எனக்குப் புரியவில்லை. பிறகுதான் அறிந்துகொண்டேன்: இங்கிலாந்து, ஸ்காட்லாந்துக் கதைப்பாடல்கள் 305ஐப் பாடபேதங்களோடு தொகுத்து எண்ணிட்டு 1882 முதல் 1898 வரை பகுதி பகுதியாக வெளியிட்ட பிரான்சிஸ் ஜேம்ஸ் சைல்ட், இதே ஹார்வர்டில் பேராசிரியராக இருந்தவர். ஏட்டுச் சுவடியைத் தேடியலைந்த நம் பதிப்பாசிரியர்களைப் போல, அவரும் கையெழுத்துப் படிகளையே பெரிதும் நம்பினார். மெட்டுகளில் அவருக்கு நாட்டம் குறைவு. எழுத்தில் அவர் நிறுத்திய பாடல்களை, அவர் பாடம் நடத்திய இடத்திலிருந்து ஐந்து நிமிட நடையில், ஒரு நிலவறையில், இருபத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி மெட்டோடு பாடுவதைக் கேட்பது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

அறையின் அமைப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சின்னச் சின்ன மேசைகள், நெருக்கமான நாற்காலிகள். தனியாகப் போனால் முன்பின் தெரியாதவர்களோடு மேசையைப் பகிர்ந்துகொள்ள வேண்டியிருக்கும். நீட்டி உட்கார்ந்து பழகியவர்களுக்கு இது ஏற்றதல்ல. உணவை நிகழ்ச்சிக்கு முன்னதாகவே முடித்துக்கொள்வது நாகரிகம் என்பது என் கருத்து. மெல்லிய பாடலின் நடுவே முள்கரண்டி தட்டில் படும் ஓசை வெடிபோலக் கேட்கும். 2000களின் தொடக்கத்திலிருந்து பத்தாண்டுகளுக்கும் மேலாக இதே அறையில் ஒரு சைவ உணவகம் இயங்கிவந்தது; அந்த மரபு முற்றிலும் அற்றுப்போகவில்லை என்பதால் சைவர்கள் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. சபா சிற்றுண்டிச்சாலையை எதிர்பார்த்துப் போகாதீர்கள், அவ்வளவுதான். காரில் வந்து ஹார்வர்ட் சதுக்கத்தில் நிறுத்த இடம் தேடுவது வீண்வேலை. சிவப்புத் தட ரயிலே சரி.

கட்டணம் பெரும்பாலான இரவுகளில் 20, 30 டாலர் அளவில் இருக்கும். உறுப்பினர்களுக்குச் சலுகை உண்டு. பெயர்பெற்றவர்கள் வரும் இரவுகளில் இடம் விரைவில் நிரம்பிவிடும். அறையின் அளவு அப்படி. என் அனுபவத்தில், பெயர் தெரிந்தவர்களைத் துரத்துவதைவிட, பெயரே கேள்விப்படாதவர்கள் வாசிக்கும் புதன், வியாழன் இரவுகளில் போவதே இலாபம். ஓபன் மைக் எனப்படும் திறந்த மேடையும் உண்டு. பெயர் பதிந்துகொண்டு யார் வேண்டுமானாலும் வந்து ஓரிரு பாடல்கள் பாடலாம். அங்கே தரம் ஏற்றத்தாழ்வாக இருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆனால் கை நடுங்க மேடையேறிய ஒரு நடுத்தர வயதுக்காரர் முதல் பாடலில் வரிகளை மறந்து நின்றபோது, அவையே அந்த வரியை மெல்லப் பாடி எடுத்துக்கொடுத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

ஆண்டுக்கு இருமுறை, மே இறுதியிலும் செப்டம்பர் தொடக்கத்திலும் வரும் நீண்ட வார விடுமுறைகளில், ‘கேம்ப்ஃபயர்’ என்ற விழாவை நடத்துகிறார்கள். பெயரில்தான் நெருப்பு, விழா நடப்பது இதே நிலவறையில். மூன்று நான்கு கலைஞர்கள் ஒன்றாக மேடையில் அமர்ந்து, ஒருவர் மாற்றி ஒருவர் பாடுவார்கள். முன்னேற்பாடு குறைவு. ஒருவர் பாடத் தொடங்கியதும் மற்றவர் அந்த மெட்டைப் பிடித்துக்கொண்டு தன் வாத்தியத்தோடு உள்ளே நுழைவதும், சில நேரம் நுழைய முடியாமல் சிரித்துக்கொண்டே பின்வாங்குவதும் நம் கண்முன் நடக்கும். ஒத்திகை பார்த்த கச்சேரியில் காணக்கிடைக்காதது இது. இந்த இடத்தின் ஆண்டு நிகழ்ச்சிகளில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னால் தயங்காமல் இதைச் சொல்வேன்.

கச்சேரி தவிர, கிட்டார், பாஞ்சோ, ஃபிடில், பாட்டெழுதுதல் முதலியவற்றைப் பெரியவர்களுக்கும் கற்றுத்தரும் இசைப்பள்ளி ஒன்றையும் இந்த அமைப்பு நடத்துகிறது. நியூ இங்கிலாந்து எனப்படும் வடகிழக்கு அமெரிக்கப் பகுதிக் கலைஞர்களின் ஒலிப்பதிவு, வாத்தியம், பயணம் போன்ற தேவைகளுக்குச் சிறு நல்கைகள் வழங்கும் ‘இகுவானா’ நிதியம் 2008இல் தொடங்கப்பட்டது. 2020இல் பெருந்தொற்றால் மேடைகள் எல்லாம் அடைபட்டபோது, வருமானம் இழந்த இசைக்காரர்களுக்கு நெருக்கடி நிதி திரட்டிக் கொடுத்தார்கள். கச்சேரிகளை இணைய வழியே ஒளிபரப்பும் பழக்கமும் அக்காலத்தில் வலுப்பட்டது. தொலைவில் இருப்பவர்களுக்கு அது பயனுள்ளது. ஆனாலும் அண்மையை விற்கும் இடத்தைத் திரைவழியே பார்த்து மதிப்பிடுவது, தலைவாழை விருந்தைப் புகைப்படத்தில் பார்ப்பது போலத்தான்.

நிகழ்ச்சி முடிந்ததும் கலைஞர்கள் மறைவறைக்குள் போய்விடுவதில்லை. கதவருகே ஒரு சின்ன மேசையில் தங்கள் இசைத்தட்டுகளை அடுக்கி வைத்துக்கொண்டு நிற்பார்கள். கடந்த முறை, அந்தக் காலால் தாளமிட்ட ஃபிடில்காரரிடம் அம்மா போய் நின்று, நான் மொழிபெயர்ப்பதற்குள், தன் கையால் மேசைமீது ஆதி தாளம் போட்டுக் காட்டினார். அவர் உடனே குனிந்து, இரண்டு காலாலும் அதைத் தட்டிப் பார்த்தார். இரண்டாம் ஆவர்த்தனத்தில் பிடித்தும்விட்டார். வீட்டில் இசைத்தட்டுப் போடும் கருவியே இல்லை என்று தெரிந்தும் ஒன்றை வாங்கிக்கொண்டு படியேறினோம். சந்தின் முனையில், கடுங்குளிரில், கையுறையின் விரல்நுனிகளை வெட்டிவிட்டு ஓர் இளைஞன் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தான். 1988இல் உலகப் புகழ் பெறுவதற்கு முன், டஃப்ட்ஸ் பல்கலைக்கழக மாணவியாக இருந்த பாடகி ட்ரேசி சாப்மன் பாடிக்கொண்டிருந்ததும் இந்தச் சதுக்கத்துத் தெருக்களில்தான். அம்மா ரயிலை மறந்து அவன் முன் நின்றுவிட்டார்.